இடிந்தபடி வைத்திருக்கும் வேலை

படப்பிடிப்பு உதவிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது சொல்லித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டார். அனுமதிப் படிவத்தை எப்படி நிரப்புவது, பொலிசுக்கு எப்போது அறிவிப்பது, ட்ரோன் பறக்கவிட யாரிடம் கேட்பது என்பதெல்லாம் பிரிவின் கோவையில், அந்தத் தடித்த பைலில், எழுதியிருக்கிறது. நீங்களே வாசித்துக்கொள்வீர்கள். கோவையில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதித் தருகிறேன்.

இந்தப் பிரதேச சபையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஆறு வருடம் உங்கள் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் அப்போது ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான். பக்கத்து ஊரான உடுப்பிட்டியில் இருந்து ஸ்கூட்டரில் வந்து போவேன். எங்கள் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு காலம் வலை ஆலை, ஐஸ் ஆலை, படகு கட்டும் தொழிற்சாலை மூன்றும் ஓடின. சண்டையில் மூன்றும் நின்றன. சனம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தது. ஆலைகள் திரும்பவில்லை. கூரையில்லாத மண்டபங்களும் ஓட்டை விழுந்த சுவர்களும் கடலைப் பார்த்தபடி நின்றன.

யாரோ ஒரு பாட்டுக்கு அங்கே படம்பிடித்து இணையத்தில் போட, அதை இலட்சக்கணக்கில் சனம் பார்த்தது. அடுத்த சபைக் கூட்டத்தில் சபையின் தலைவரான தவிசாளர் கேட்டார்.

"எங்களிட்டை வெளியாக்களுக்குக் காட்ட வேறை என்ன கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

அப்படித்தான் இந்தப் பிரிவு தொடங்கியது. விளம்பரப் பிரசுரத்தை எழுதியது நான். "செட் போடத் தேவையில்லாத ஊர்" என்ற வரி என்னுடையது. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அது நல்ல வரியாகவே பட்டது. எதற்கு நான் பெருமைப்பட்டேன் என்பது விளங்கப் பிறகு இரண்டு வருடம் எடுத்தது.

முதலாவது குழு வந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நினைத்து, முதல்நாளே ஆட்களை விட்டு வலை ஆலையைக் கூட்டிப் பெருக்கி, பற்றை வெட்டி, வாசலில் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தேன். இயக்குநர் காரை விட்டு இறங்கிப் பார்த்தார். தலையில் கை வைத்தார். பத்து நிமிடத்தில், கூட்டிய அதே ஆட்கள் அதே குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினார்கள். வாசல் சுண்ணாம்பைச் சுரண்டி அதன்மேல் சேறு பூசினார்கள். கூட்டியவர்களில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"மிஸ், உவைக்கு எங்கடை ஊர் ஊத்தையாய்க் கிடந்தால்தான் பிடிக்குமோ?"

நான் சிரித்தேன். அந்தக் கேள்வியை அன்றே உட்கார்ந்து யோசித்திருந்தால் மிச்சம் நடந்திருக்காது.

இனி ஐஸ் ஆலை.

யோகராசா என்பவர் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் கதைக்காதவர். சபைக்கு வந்தால் கதிரையில் இருக்காமல் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சபையின் பொறுப்பில் கிடந்த ஐஸ் ஆலையைத் திரும்ப ஓட வைக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே கதை. ஊரில் ஐஸ் இல்லாததால் லொறி வரும்வரை மீன் காத்திருக்க வேண்டும். லொறி பிந்தினால் மீன் பழுதாகும். கரைக்கு வரும் வியாபாரிக்கு அது தெரியும். அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

"ஐஸ் இருந்தால் நாங்களும் ஒரு நாள் பொறுத்திருந்து விக்கலாம் தங்கச்சி. இப்ப மீனுக்கும் அவசரம், எங்களுக்கும் அவசரம். வியாபாரிக்கு மட்டும் அவசரமில்லை."

கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு புதிய ஐஸ் மெசின் வாங்கி அனுப்பினார்கள். மூன்று பெரிய மரப்பெட்டிகளில் அது வரும் என்று செய்தி வந்தவுடனேயே சங்கத்து ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கடலுக்குப் போகாத நாட்களில் ஆலை மண்டபத்துக்குள் மண் வெட்டி, கம்பி கட்டி, மெசின் வைக்க ஒரு கொங்கிரீட் மேடை போட்டார்கள். கூலிக்கு ஒரு ஆள் பிடிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இடிந்த அந்த மண்டபத்தின் நடுவில் அந்த மேடை மட்டும் ஓரம் பிசகாமல், மேல் மட்டமாக, வெள்ளையாகக் கிடந்தது. யோகராசா தண்ணீர் மட்டக் குழாயை வைத்து எனக்குக் காட்டினார்.

"மயிரிழைக்கும் பிசகில்லை."

புரட்டாதியில் பெட்டிகள் வந்தன. கொழும்பில் இருந்து பொறியியலாளர் வந்து மெசினை மேடையில் பொருத்திப் பூட்டுவதற்குத் திகதியும் குறித்தாயிற்று. அதே கிழமையில்தான் சென்னையில் இருந்து ஒரு பெரிய படக் கம்பெனியின் மனேஜர் வந்தார். பிரசுரத்தில் இருந்த ஐஸ் ஆலைப் படத்தை நீட்டி, "இந்த இடம்தான் மேடம் வேணும். ரெண்டே வாரம்," என்றார்.

அந்த இரண்டு வாரம் எங்கள் ஊருக்கு என்னவென்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்பது பேர் தங்குவார்கள், சாப்பிடுவார்கள், வான் பிடிப்பார்கள். துணை நடிகர்களாக நாற்பது பேருக்கு வேலை. இரண்டு வருடமாக நாங்கள் வலைவீசிக் காத்திருந்தது இதற்குத்தான். தவிசாளர் என்னைக் கூப்பிட்டு, "இதை விட்டால் இனி ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார். நான் யோகராசாவைக் கண்டு கேட்டேன்.

"இரண்டு கிழமை பொறுத்தால் போதும் அண்ணை. பேந்து மெசினைப் பூட்டலாம்."

"இவ்வளவு வருசம் பொறுத்தனாங்கள். இரண்டு கிழமை பெரிசில்லை. நீங்கள் சொன்னால் சரி தங்கச்சி."

நான் பொறியியலாளருக்குக் கடிதம் எழுதினேன். பூட்டும் வேலை தற்காலிகமாகப் பிற்போடப்படுகிறது என்று எழுதினேன். எதுவரை என்று எழுதவில்லை.

பெட்டிகளைச் சபைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள வளவுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தன் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் வேலையில் கற்றுக்கொள்ளத் தவறியதெல்லாம் அவர் சொன்னவைதான். அவர் பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், களஞ்சியத்துக்குள்ளை இடமில்லை. வளவு மழைக்குத் தண்ணி நிக்கிற இடம். பாடசாலை மண்டபத்தைக் கேட்டுப் பாப்பமே?"

"இரண்டு கிழமைக்கு ஏன் அவையைக் கரைச்சல்படுத்துவான்? படங்கு போட்டு மூடிவிடுங்கோ."

"அவை இரண்டு கிழமையிலை போகாட்டில்?"

"போவினம்."

அவர் தன் மேசைக்குப் போனார். பெட்டிகள் வெளியில் வைக்கப்படுவதாகவும் அது பாதுகாப்பில்லை என்று தான் அறிவித்ததாகவும் கோவையில் ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வாசிக்காதவள் போல் கையெழுத்து வைத்தேன். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அதையே எழுத்திலும் தந்தால், அன்று வேறு ஒரு வேலையும் செய்யாமல் அதை யோசியுங்கள். அப்படி எழுதித் தருவது அவருக்கும் இலேசான காரியமில்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. ஊர் கலகலத்தது உண்மை. அகதிகளாக நடிக்க ஆட்களை வரிசையில் விட்டார்கள். உடுப்புப் பகுதியில் இருந்த பெண் எல்லோருக்கும் கிழிந்த சீலையும் ஊத்தைச் சட்டையும் கொடுத்தார். யோகராசாவின் மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, நாங்கள் ஓடேக்கை உள்ளதிலை நல்ல உடுப்பைத்தான் போட்டுக்கொண்டு ஓடினனாங்கள். கையிலை காவ ஏலாதெண்டு ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போட்டுக்கொண்டு ஓடினனாங்கள்."

அந்தப் பெண் பாவம், நல்ல பிள்ளை. "ஸ்கிரீன்ல அது நம்பும்படியா இருக்காதும்மா," என்றார். யோகராசாவின் மனைவி கிழிந்த சீலையைக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு மனேஜர் என்னைத் தேடி ஓடி வந்தார். மண்டபத்துக்குள் கமரா வண்டி ஓடும் பாதையில் அந்தக் கொங்கிரீட் மேடை இடிக்கிறது. அதைவிட, அது புதிதாகத் தெரிகிறது.

"மண்ணைப் போட்டு மூடுங்கோவன்," என்றேன்.

"மூடிப் பார்த்தோம் மேடம். உயரமா நிக்குது. உடைச்சிடலாம். படம் முடிஞ்சதும் நாங்களே கட்டிக் கொடுத்துட்டுப் போறோம். ஹீரோ மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கார். வெளிச்சம் போயிட்டா இன்னைக்கு நாளே போச்சு."

தவிசாளருக்குத் தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. செயலாளர் யாழ்ப்பாணத்தில் கூட்டத்தில் இருந்தார். யோகராசா கடலில். எண்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள், அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கு அது யாருடைய மேடை என்று தெரியும். எப்படிப் போட்டார்கள் என்றும் தெரியும். "முடியாது, அவர்கள் கரைக்கு வரட்டும், கேட்போம்," என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஒரு நாள் வேலை கெட்டிருக்கும். மனேஜர் முகத்தைச் சுளித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஆட்கள் காத்து நிற்கும்போது, காத்து நிற்பவர்கள் மட்டும்தான் உலகத்தில் இருப்பது போலத் தெரியும். அங்கே இல்லாதவனுக்காகக் கதைக்க நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.

"சரி," என்றேன்.

பெரிய சுத்தியல்களால் அடித்தார்கள். இலேசில் உடையவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் உடைந்த துண்டுகளையும் வெளியே எடுக்கவில்லை. அது பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் சொல்ல, அப்படியே பரப்பி விட்டார்கள்.

யோகராசா மத்தியானம் கரைக்கு வந்தவர், யாரோ சொல்ல நேரே அங்கே வந்தார். சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. படப்பிடிப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். நான் அவரிடம் போனேன்.

"அண்ணை, திருப்பிக் கட்டித் தருவினமாம்."

"எழுதித் தந்தவையோ?"

"இல்லை. மனேஜர் சொன்னவர்."

"நீங்கள் அங்கை நிக்கேக்கையோ உடைச்சவை?"

"ஓம்."

அவர் தலையாட்டினார். "சரி மிஸ்," என்றார். அவர் வாயில் இருந்து தங்கச்சி என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டு கிழமை முடிந்தது. கதாநாயகனின் நாட்கள் கிடைக்கவில்லை என்று குழு இடையில் நிறுத்திவிட்டுப் போனது. செட்டைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள், அடுத்த மாதம் வந்து முடிப்போம் என்றார்கள். கம்பெனிக்கு நான் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் முடிவுத் திகதி போடாததால் அவர்களை மறுக்கவும் எங்களிடம் ஒன்றும் இல்லை. பொறியியலாளர் தொலைபேசியில் கேட்டார். "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று வந்து மூன்று நாள் விடாமல் அடித்தது. கடல் வீதிக்கு ஏறி, வாய்க்கால் வழியாகச் சபை வளவுக்குள் வந்தது. அந்த மூன்று நாளும் எங்கள் எல்லோருக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பாடசாலைகளில் தங்க வைக்கும் வேலை. பெட்டிகளின் நினைப்பு எனக்கு வரவேயில்லை. நாலாம் நாள் காலை வளவுக்குப் போனபோது படங்கு வேலியில் தொங்கியது. பெட்டிகளின் அரைவாசிக்கு உப்புத் தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி அவரோடு அள்ளினேன். அதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தை மாதம் பொறியியலாளர் வந்து பெட்டிகளைத் திறந்தார். யோகராசாவும் சங்கத்து ஆட்கள் நாலு பேரும் சுற்றி நின்றார்கள். உள்ளே மின்பகுதிகள் பச்சை பூத்துக் கிடந்தன. மோட்டாரை அவர் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. குறித்த காலத்துக்குள் பூட்டாததாலும் வெளியில் வைத்திருந்ததாலும் உத்தரவாதமும் செல்லாது என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

சங்கத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "உங்கடை படக்காரரிட்டைப் போய் ஒரு மெசின் கேளுங்கோவன்!"

யோகராசா அவர் தோளில் கை வைத்து, "விடு, வா போவம்," என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மேடையைக் கட்டித் தருவதாகச் சொன்ன மனேஜர் கம்பெனியை விட்டு விலகிவிட்டாராம். அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நானே குரல்பதிவு அனுப்பினேன், என் பிழை என்று. இரண்டு பேர் பதில் போட்டார்கள். இனி ஊருக்கு ஒன்றும் அனுப்புவதில்லை என்று இருவரும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லை. விசாரணையும் இல்லை. புயல் என்று அறிக்கை எழுதினார்கள். அதில் நானும் கையெழுத்து வைத்தேன். களஞ்சியப் பொறுப்பாளரின் குறிப்பு கோவையில் இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

படம் வந்தது. ஐஸ் ஆலை நாலு நிமிடம் வருகிறது, வேறு ஒரு நாட்டின் ஊர்ப் பெயரில். அகதிகள் வரும் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஆனால் அந்த நாலு நிமிடத்தைப் பார்த்துவிட்டு மூன்று கம்பெனிகள் அதே மண்டபத்தைக் கேட்டு எழுதின, "அதே உடைந்த கொங்கிரீட்டோடு." தவிசாளர் கூட்டத்தில் அந்தக் கடிதங்களை வாசித்தார். ஐஸ் ஆலையைத் திருத்துவதில்லை, படப்பிடிப்புத் தளமாக உள்ளபடியே பேணுவது என்று தீர்மானம் எடுத்தார்கள். எதிர்த்து ஒருவர்கூடக் கை உயர்த்தவில்லை. நான் கூட்டக் குறிப்பு எழுதினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தத் தளத்துக்கு ஒரு காவலாளி எடுக்க நேர்முகம் வைத்தோம். நேர்முகக் குழுவில் என்னோடு இன்னொரு உறுப்பினர் இருந்தார். கடமைப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். கட்டடத்தின் தற்போதைய தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்ளல் என்பது முதலாவது கடமை. ஏழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஐந்தாவதாகக் கதவைத் திறந்து வந்தவர் யோகராசா. வெள்ளைச் சட்டை, தேய்த்த நீளக் காற்சட்டை. அவரை அப்படி நான் கண்டதில்லை.

மகன் கட்டாருக்குப் போய்விட்டான், படகில் இரண்டாவது ஆள் இல்லை, அதனால் விற்றுவிட்டதாகச் சொன்னார். இந்த முறை கதிரையில் இருந்தார். மற்ற உறுப்பினர் முன் அனுபவம் என்ன என்று கேட்டார்.

"அந்தக் கட்டிடம் எனக்கு நல்லாத் தெரியும்," என்றார்.

என் முறை வந்தது. கடமைப் பட்டியலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை விரல் வைத்து மெதுவாக வாசித்தார். முதலாவது வரியில் விரல் நின்றது.

"மிஸ், எனக்கு ஒரு விளக்கம் வேணும். மழைக்குக் கிழக்குச் சுவராலை தண்ணி இறங்குது. கவனிக்காட்டில் இரண்டு மூண்டு மாரியிலை அந்தப் பக்கம் சரிஞ்சுபோம். கொஞ்சச் சீமெந்து போதும், நானே அடைச்சுப்போடுவன். அடைக்கவோ, விடவோ?"

அடைத்தால் சுவர் புதிதாகத் தெரியும். அடைக்காவிட்டால் சுவர் விழும். விழுந்தாலும் படம் எடுக்க வருபவர்களுக்கு அது இன்னும் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மற்ற உறுப்பினர் என்னைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஆளைக் கூப்பிட அவசரம்.

"விடுங்கோ அண்ணை," என்றேன்.

"ஓம்," என்றார் அவர். பேனையைக் கேட்டு வாங்கி, பட்டியலின் அடியில், கடமைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்றிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.